சரனாக் லேக் விண்டர் கார்னிவலுக்கு முதல் தடவை குடும்பத்தோட போறீங்களா? இதைப் படிச்சிட்டு கிளம்புங்க

அமெரிக்கா வந்த புதுசுல முதல் ரெண்டு குளிர்காலத்தையும் நாங்க ஜன்னல் வழியா பார்த்தே கழிச்சோம். அல்பனி பக்கம் வீடு, நவம்பர்ல கதவை சாத்தினா ஏப்ரல்லதான் திறப்போம், நடுவுல ஆபீஸ், ஸ்கூல், இந்தியன் ஸ்டோர், திரும்ப வீடு. பிள்ளைங்க சோபாவுலயே குதிச்சு குதிச்சு அதோட ஸ்பிரிங் போச்சு. மூணாவது வருஷம் பிப்ரவரில வடக்க ரெண்டரை மணி நேரம் தள்ளி இருக்குற சரனாக் லேக்ங்கற சின்ன ஊர்ல நடக்குற விண்டர் கார்னிவலுக்கு போனோம், அதுக்கப்புறம் எங்க வீட்ல குளிர்காலம்னா யாரும் மூஞ்சிய சுளிக்கிறதில்ல. ஒவ்வொரு வருஷமும் புதுசா வந்த யாராவது ஒரு குடும்பம் "என்ன எடுத்துட்டு போகணும், எங்க தங்கணும், குழந்தை தாங்குமா"ன்னு கேப்பாங்க. எல்லாருக்கும் தனித்தனியா சொல்றதை ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னுதான் இது.

முதல்ல அது என்ன ஊர்னு தெரிஞ்சுக்கங்க, அப்பதான் அங்க இருக்கறவங்க மைனஸ் டிகிரில தெருவுல நின்னு ஏன் டான்ஸ் ஆடுறாங்கன்னு புரியும். நியூயார்க் மாநிலத்தோட வடக்கு பகுதில, அடிரான்டாக் மலைக்காடுகளுக்கு நடுவுல, கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 அடி உயரத்துல, ஒரு அஞ்சாயிரம் பேர் வாழற ஊர். 1870கள்ல எட்வர்ட் ட்ரூடோன்னு ஒரு டாக்டர், காசநோய் வந்து, பிழைக்க மாட்டோம்னு நினைச்சு இந்த மலைப்பக்கம் வந்தாரு, குளிர்ந்த சுத்தமான காத்துல உடம்பு தேறினதும் இங்கயே தங்கி, காசநோய்க்காரங்க தங்கி வைத்தியம் பார்த்துக்கற சானடோரியம் ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம் நாடு முழுக்க இருந்து நோயாளிங்க வந்து, இந்த ஊர் வீடுகளோட முகப்புல கண்ணாடி போட்ட தாழ்வாரத்துல கம்பளிய சுத்திக்கிட்டு பனிக்காத்துல மணிக்கணக்கா படுத்திருப்பாங்க, அதுதான் வைத்தியம். அந்த தாழ்வார வீடுகள் இன்னைக்கும் தெருத்தெருவா இருக்கு. ஊர்ல நடக்கும்போது பிள்ளைகளுக்கு காட்டுங்க.

நான் குரோம்பேட்டைல வளர்ந்தவன், தினமும் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனை தாண்டி காலேஜ் போனவன். அந்த பேர்ல இருக்குற சானடோரியம் இதே யோசனைல 1928ல கட்டினதுன்னு எனக்கு இந்த ஊருக்கு வந்தப்புறம்தான் உறைச்சது. இன்னொண்ணும் இருக்கு. சானடோரியத்துல வெச்சு வைத்தியம் பார்க்க வேண்டியதில்ல, வீட்லயே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவுக்கு குணமாகுதுன்னு 1959ல உலகத்துக்கு காட்டினது நம்ம சென்னைல நடந்த ஆராய்ச்சிதான். மாத்திரைகள் வந்ததுல ட்ரூடோ சானடோரியத்தை 1954லயே மூடிட்டாங்க. நோய் போச்சு, ஆனா நீண்ட குளிர்காலத்தை உடைக்கறதுக்காக 1897ல ஒரே ஒரு நாள் விழாவா ஆரம்பிச்ச கார்னிவல் மட்டும் தங்கிடுச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

தேதியும் ரூமும்

கார்னிவல் பத்து நாள். ஜனவரி கடைசி வெள்ளி, இல்லன்னா பிப்ரவரி முதல் வெள்ளி ஆரம்பிச்சு, ரெண்டு வீக்கெண்ட் சேர்த்து ஞாயித்துக்கிழமை முடியும். வருஷா வருஷம் தேதி மாறும், அதனால கார்னிவலோட வெப்சைட்ல அந்த வருஷ பட்டியலை பார்த்துட்டுதான் ரூம் போடணும். நவம்பர்லயே போட்டுடுங்க, ஊருக்குள்ள இருக்கறது கொஞ்சம் மோட்டலும் லாட்ஜும்தான், கடைசி நேரத்துல கிடைக்காது. கிடைக்கலன்னா பத்து மைல்ல லேக் பிளாசிட் இருக்கு, 1932லயும் 1980லயும் விண்டர் ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர், ரூம் நிறைய உண்டு, விலையும் அதுக்கேத்த மாதிரி இருக்கும். இல்லன்னா இன்னொரு பக்கம் டப்பர் லேக். குக்கர், மைக்ரோவேவ் வெச்ச கிச்சனெட் ரூமா தேடுங்க, குழந்தை இருக்கற வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னு சாப்பாட்டு பகுதில சொல்றேன்.

எந்த வீக்கெண்ட்? முதல் தடவைன்னா நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். சனிக்கிழமை பெரிய ஊர்வலம், ஞாயித்துக்கிழமை ராத்திரி முடிவு வாணவேடிக்கை, ரெண்டும் அப்பதான். திங்கக்கிழமை ஸ்கூல் லீவ் போட மனசில்லாதவங்க ஞாயித்துக்கிழமை காலைலயே கிளம்பிடுங்க, ஞாயித்துக்கிழமை வாணவேடிக்கை முடிச்சு இருட்டுல பனி ரோட்டுல வண்டி ஓட்டாதீங்க. கைக்குழந்தை வெச்சிருக்கறவங்களுக்கு முதல் வீக்கெண்ட் நல்லது, கூட்டம் கம்மி.

துணிமணி, இதுலதான் எல்லாமே இருக்கு

இந்த ஒரு விஷயத்தை சரியா பண்ணிட்டா மத்ததெல்லாம் தானா நடக்கும், இதுல கோட்டை விட்டா கார்னிவலுக்காக கட்டற ஐஸ் அரண்மனையே எதிர்ல இருந்தாலும் பதினஞ்சு நிமிஷத்துல கார்ல உக்காந்திருப்பீங்க. எங்களுக்கு அதான் நடந்தது. முதல் வருஷம் அஞ்சு வயசு பையனுக்கு ஜீன்ஸ் பேண்ட், காட்டன் சாக்ஸ் ரெண்டு ஜோடி, அது மேல இறுக்கமா ஒரு ரப்பர் பூட்ஸ். ரெண்டு சாக்ஸ் போட்டா ரெண்டு மடங்கு சூடுன்னு நினைச்சோம். ஏரிக்கரைல இறங்கி கொஞ்ச நேரம் ஓடினான், அப்புறம் நின்னுட்டான், அப்புறம் சத்தமே வராம அழுதான். பக்கத்துல ஒரு கடைக்குள்ள தூக்கிட்டு போய் பூட்ஸை கழட்டினா சாக்ஸ் நனைஞ்சு சில்லுனு இருக்கு, கால் விரல் நுனியெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்து போயிருக்கு. அங்க இருந்த ஒரு வயசான அம்மா ஓடி வந்து, தேய்க்காதீங்க தேய்க்காதீங்கன்னு சொல்லி, என் மனைவியோட ஸ்வெட்டருக்குள்ள வயித்து மேல அவன் ரெண்டு காலையும் வெச்சு மூட சொன்னாங்க. பத்து நிமிஷத்துல ரத்தம் ஓடி விரல் செவந்து "எரியுது எரியுது"ன்னு கத்தினான், அந்த அம்மா அதான் நல்லதுன்னு தலைய தடவிட்டு போனாங்க. தன் பையில இருந்த கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடியையும் குடுத்துட்டு போயிட்டாங்க, பேர் கூட கேக்கல நாங்க. அந்த சாக்ஸ் இன்னும் எங்க வீட்ல இருக்கு.

அதனால இப்ப நான் சொல்றதை அப்படியே செய்யுங்க. உடம்பை ஒட்டி போடுறது எதுவுமே காட்டனா இருக்கக்கூடாது, பனியன் ஜட்டி முதற்கொண்டு. காட்டன் வேர்வையையும் தண்ணியையும் குடிச்சு வெச்சுக்கும், நின்ன உடனே அதுவே ஐஸ் ஒத்தடம். பாலியஸ்டர்லயோ மெரினோ கம்பளிலயோ தெர்மல் உள்ள, அது மேல ஃப்ளீஸ், அது மேல காத்தும் தண்ணியும் புகாத வின்டர் ஜாக்கெட். கீழ தெர்மல், அது மேல ஸ்னோ பேண்ட், நடுவுல ஜீன்ஸ் வேணவே வேணாம். சின்ன பசங்களுக்கு தோள்பட்டை வார் வெச்ச ஸ்னோ பேண்ட் வாங்குங்க, விழுந்து புரண்டாலும் முதுகுல பனி போகாது. கம்பளி சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி, பூட்ஸ் அரை சைஸ் பெருசா, உள்ள விரல் ஆட இடம் இருக்கணும், அந்த இடத்துல நிக்கற காத்துதான் சூடு. கைக்கு விரல் விரலா இருக்குற க்ளவுஸை விட, நாலு விரலும் ஒரே அறைல இருக்குற மிட்டன்தான் சூடு. அதுலயும் பசங்களுக்கு ரெண்டு ஜோடி, ஒண்ணு கட்டாயம் நனையும்.

தலைக்கு? ஊர்ல இருந்து அம்மா கட்டி அனுப்புன குரங்குக் குல்லா இருக்குல்ல, அதை வெட்கப்படாம எடுத்துட்டு போங்க, காது தாடை கழுத்து மூணையும் மூடுற அந்த மாதிரி சாமான் அங்க கடைல நல்ல விலைக்கு விக்கிறாங்க. மூக்கும் கன்னமும் திறந்திருக்கும், அதுக்கு வாசலின் தடவிக்கலாம். தேங்காய் எண்ணெய் பாட்டிலை நம்பி போகாதீங்க, 24 டிகிரிக்கு கீழயே உறைஞ்சு போற பொருள் அது, அங்க பாட்டிலை உடைச்சாதான் வெளிய வரும். கூலிங் கிளாஸ் மறக்காதீங்க, பனி மேல வெயில் அடிச்சா கண்ணு கூசி தலைவலி வந்துடும்.

இதெல்லாம் புதுசா வாங்கினா பர்ஸ் காலி. பிள்ளைகளோட ஸ்னோ பேண்ட், பூட்ஸ் எல்லாம் ஒரே சீசன்ல சின்னதாயிடும், அதனால த்ரிஃப்ட் ஸ்டோர்ல முக்கால்வாசி புதுசு மாதிரியே கிடைக்கும், அக்டோபர்லயே போய் பாருங்க. எங்க ரெண்டு பசங்களுக்கும் சாக்ஸும் தெர்மலும் மட்டும்தான் புதுசு. பாக்கெட்ல போட்டுக்குற ஹேண்ட் வார்மர் ஒரு டப்பா வாங்கிக்கங்க, உள்ள இருக்குற இரும்புத்தூள் காத்து பட்டு துருப்பிடிக்கும்போது வர்ற சூடு அது, அதனால கவரை பிரிச்சு அஞ்சு நிமிஷம் காத்துல ஆட்டிட்டு அப்புறம் மிட்டனுக்குள்ள வைங்க, பிரிச்ச உடனே உள்ள திணிச்சுட்டு சூடு வரலன்னு தூக்கிப் போடறவங்க நிறைய பேரு.

எவ்வளவு குளிரும்னு கேட்டா, நியூயார்க் மாநிலத்துலயே ரொம்ப குளிர்ற ஊர்கள்ல இது ஒண்ணு. பிப்ரவரி ராத்திரில மைனஸ் 20 செல்சியஸ், அதாவது மைனஸ் 4 ஃபாரன்ஹீட், சாதாரணமா போகும், அதுக்கு கீழயும் இறங்கும். அந்த குளிர்ல ஒரு தனி சத்தம் உண்டு, பனி மேல கால் வெச்சா கல்லுப்பு மூட்டை மேல நடக்கற மாதிரி கிறீச் கிறீச்னு கேக்கும், மூச்சை இழுத்தா மூக்குக்குள்ள முடியெல்லாம் குத்தும். ரெண்டும் வந்துச்சுன்னா நல்ல குளிர்னு அர்த்தம், அரை மணிக்கு ஒரு தடவை எங்கயாவது உள்ள போய் சூடு ஏத்திக்கங்க.

வண்டி

நியூயார்க் சிட்டி, ஜெர்சி பக்கத்துல இருந்து அஞ்சு அஞ்சரை மணி நேரம், அல்பனில இருந்து ரெண்டரை, மான்ட்ரியால்ல இருந்து வர்ற நம்ம ஆளுங்களுக்கும் ரெண்டு ரெண்டரைதான், ஆனா பார்டர் தாண்டணும், பாஸ்போர்ட் விசா பேப்பரெல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துக்கங்க. தெற்கே இருந்து வந்தா ஐ-87ல எக்ஸிட் 30ல இறங்கி ரூட் 73. கீன் வேலி தாண்டி மலை இடுக்குல ரோடு போகும், ரெண்டு பக்கமும் பாறைல அருவி அப்படியே உறைஞ்சு தொங்கும், அதுல கோடாலி மாதிரி ஒண்ணை குத்தி குத்தி ஆளுங்க ஏறிட்டு இருப்பாங்க. பார்க்க ஆசையா இருந்தா வண்டிய ஓரமா பார்க்கிங்ல நிறுத்திட்டு பாருங்க, ஓட்டிக்கிட்டே பார்க்காதீங்க. இந்த வழில பல இடத்துல சிக்னல் இருக்காது, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க. டேங்க் பாதிக்கு கீழ இறங்க விடாதீங்க. கண்ணாடி கழுவுற தண்ணிய குளிர்கால வாஷர் ஃப்ளூயிடா மாத்திடுங்க, சாதா தண்ணி இருந்தா அடிச்ச உடனே கண்ணாடி மேலயே ஐஸாயிடும். ஒரு சின்ன மண்வெட்டி, ரெண்டு கம்பளி, டார்ச் டிக்கில இருக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும் கையை பிடிச்சு சொல்றேன். குழந்தைய கார் சீட்ல உக்கார வெக்கும்போது புசுபுசுன்னு இருக்குற ஜாக்கெட்டோட பெல்ட் மாட்டாதீங்க. பார்க்க இறுக்கமா தெரியும், ஆனா வண்டி மோதினா அந்த பஞ்செல்லாம் அமுங்கி பெல்ட் லூஸாயிடும், குழந்தை வெளிய வந்துடும். ஜாக்கெட்டை கழட்டி, பெல்ட் மாட்டி, ஜாக்கெட்டை திருப்பி மேல போர்த்துங்க.

ஊர்ல தெருவோரம் ராத்திரி வண்டி நிறுத்தறதுக்கு குளிர்காலத்துல தடை இருக்கும், பனி தள்ற வண்டி வரணும்ல, போர்டை படிச்சுட்டு நிறுத்துங்க. ஊர்வலத்தன்னைக்கு மெயின் ரோட்டை மூடிடுவாங்க, அதனால காலைலயே உள்ள போய் பார்க்கிங்கை பிடிச்சுடணும்.

ஐஸ் அரண்மனை

ஊருக்கு நடுவுல லேக் ஃப்ளவர்னு ஏரி, அதுல பான்டியாக் பேன்னு ஒரு ஓரம், அங்கதான் அரண்மனை. முதல் அரண்மனை 1898ல கட்டினாங்க. டிக்கெட் கிடையாது, எந்நேரமும் போகலாம். இதை கான்ட்ராக்ட் விட்டு கட்டறதில்ல, ஊர் ஜனங்க தானா வந்து கட்டறாங்க, அதுதான் என் மனசுல நிக்கறது. ஜனவரி நடுவுல ஐஸ் கனமானதும் ஏரிய கட்டம் கட்டமா கோடு போட்டு ரம்பத்தால அறுப்பாங்க, தட்டுல மைசூர்பாகு துண்டு போடற மாதிரி. ஒரு துண்டு ரெண்டடிக்கு நாலடி, ஒரு அடி கனம் இருந்தாலே 200 கிலோ தாண்டும். அறுத்த துண்டுங்க தண்ணில மிதக்கும், நம்மூர் தொரட்டி மாதிரி நீளக் கம்புல கொக்கி மாட்டி அதை கால்வாய் வழியா கரைக்கு தள்ளிட்டு வந்து மெஷின்ல தூக்கி அடுக்குவாங்க. சிமெண்டுக்கு பதிலா பனியையும் ஏரித் தண்ணியையும் குழைச்ச கலவை. அது சரியா இட்லி மாவு பதத்துல இருக்கணும், தண்ணியா போனா வழிஞ்சுடும், கெட்டியானா இடுக்குல இறங்காது.

இதை நான் எப்படி சொல்றேன்னா, நாங்க ரெண்டாவது வருஷம் கார்னிவலுக்கு முந்தின வாரமே ஒரு சனிக்கிழமை போய் வேலை செஞ்சோம். யாரு வேணா போகலாம், தெரிஞ்சவங்களா இருக்கணும்னு இல்ல, பூட்ஸுக்கு அடில முள்ளுப் பட்டை மாட்டிக்கிட்டு அங்க இருக்குற மேஸ்திரி மாதிரியான ஆள்கிட்ட "நான் என்ன பண்ணட்டும்"னு கேட்டா பக்கெட்டை கைல குடுத்துடுவாங்க. நான் ஒரு மத்தியானம் முழுக்க கலவை சுமந்தேன், மிட்டனோட சுவர் இடுக்குல அப்பினேன். அப்புறம் வீக்கெண்ட்ல அதே சுவர் விளக்கு வெளிச்சத்துல நிக்கும்போது என் பொண்ணு கூட படிக்கற பிள்ளைங்க எல்லார்கிட்டயும் "அந்த லைன் எங்கப்பா பூசினது"ன்னு வீடியோ கால் போட்டு காட்டினா. முடிஞ்சா நீங்களும் ஒரு நாள் அப்படி போயிட்டு வாங்க, கார்னிவல் பார்க்கற கண்ணே மாறிடும்.

பார்க்க சரியான நேரம் சூரியன் இறங்கின உடனே. பகல்ல வெளிச்சம் படும்போது கட்டிகள் லேசா நீலமா இருக்கும், கனமான ஐஸ் சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கறதால வர்ற நிறம் அது. பக்கத்துல போய் உத்து பாருங்க, உள்ள காத்துக் குமிழிங்க நூல் நூலா மேல ஏறினது அப்படியே உறைஞ்சிருக்கும், சில கட்டில ஏரிப் பாசி ஒரு இழை இருக்கும். இருட்டினதும் உள்ள கலர் விளக்கு போடுவாங்க. சுவர் மேல ஏறக்கூடாது, பிள்ளைங்க நாக்கை வெச்சா ஒட்டிக்கும், ரெண்டையும் போறதுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. ஐஸ் அறுத்து எடுத்த இடத்துல மேல மறுபடி மெல்லிசா உறைஞ்சு பார்க்க கெட்டி மாதிரியே இருக்கும், அந்த பக்கம் குழந்தைங்க போகாம கைய பிடிச்சுக்கங்க. சில வருஷம் குளிர் லேட்டா வந்து ஐஸ் கனம் ஏறாது, அப்ப அரண்மனை சின்னதா இருக்கும், அதுக்காக ஏமாந்த மாதிரி முகம் வெச்சுக்காதீங்க, கட்டினவங்க பக்கத்துலயே நின்னுட்டிருப்பாங்க.

அங்க பட்டன் விப்பாங்க, சட்டைல குத்திக்கற பேட்ஜ். அவசியம் வாங்குங்க, விழா நடக்கறது அந்த காசுலதான். அந்த பட்டன்ல இருக்குற படத்தை வரையறவர் காரி ட்ரூடோ, 1975ல புலிட்சர் பரிசு வாங்கின கார்ட்டூனிஸ்ட், மேல சொன்ன டாக்டர் ட்ரூடோவோட கொள்ளுப்பேரன். வருஷத்துக்கு ஒரு தீம், அதுக்கேத்த படம். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் பக்கத்துல ஒரு துணில வரிசையா குத்தி வெச்சிருக்கோம்.

என்னென்ன விளையாட்டு

ஊர்வலம் ரெண்டாவது சனிக்கிழமை மத்தியானம். ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்துல நிக்கறதுதான் அன்னைக்கு பெரிய சோதனை, ஓடுறவனுக்கு குளிராது, நிக்கறவனுக்குத்தான் குளிரும். கால் வழியா சூடு இறங்கறதை தடுக்க ஒரு துண்டு தெர்மாகோலோ யோகா மேட்டோ எடுத்துட்டு போய் அது மேல நில்லுங்க, இது நான் கண்டுபிடிச்சதுலயே உருப்படியான யோசனை. ஊர்வலத்துல லான்சேர் லேடீஸ்னு ஊர்ப் பெண்கள் ஒரு கூட்டம் வரும், மடக்கு நாற்காலிய கைல வெச்சு விரிச்சு மடக்கி ஒரே தாளத்துல ஆடிக்கிட்டே போவாங்க, அவ்வளவு அழகு. அவங்க வர்றப்ப ரோட்டோட ரெண்டு பக்கமும் ஒரே ஆரவாரம்.

பெண்களுக்கு இரும்பு வாணலி எறியற போட்டி உண்டு, நம்ம தோசைக்கல்லு மாதிரி கனமான வார்ப்பிரும்பு. என் மனைவி முதல் தடவை தயங்கினா, நாலு பேரு கைதட்டி கூப்பிட்டதும் போய் எறிஞ்சா, தூரம் ஒண்ணும் பெருசா போகல, ஆனா அன்னைக்கு வந்த சிரிப்பு வாரம் முழுக்க இருந்தது. பதிவு பண்றது அங்கயே நடக்கற போட்டி எது, முன்னாடியே பேர் குடுக்கணும்கற போட்டி எதுன்னு பட்டியல்ல பார்த்துக்கங்க. ஸ்னோஷூ, அதாவது பனில கால் புதையாம இருக்க பூட்ஸுக்கு அடில கட்டற அகலமான சட்டம், அதை மாட்டிக்கிட்டு சாஃப்ட்பால் ஆடுவாங்க, பந்தை அடிச்சிட்டு ஓடறதுக்குள்ள பாதி பேரு குப்புற விழுந்திருப்பாங்க, பசங்களுக்கு கார்ட்டூன் பார்க்கற சந்தோஷம்.

அந்த ஸ்னோஷூவை நீங்களும் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து நடந்து பாருங்க. கத்துக்க ஒண்ணுமே இல்ல, காலை கொஞ்சம் அகட்டி வெச்சு நடக்கணும், பின்பக்கமா நடக்க முயற்சி பண்ணக்கூடாது, அவ்வளவுதான். ஐரோப்பாக்காரங்க வர்றதுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே இந்த மண்ணோட பூர்வகுடிகள் மரச்சட்டத்தை வளைச்சு தோல்வாரை பின்னி செஞ்ச பொருள் இது. டொபாகன்ங்கற சறுக்குப் பலகையோட பேரே அவங்க மொழில இருந்து வந்ததுதான்.

சின்னதுங்களுக்கு மவுண்ட் பிஸ்கா. ஊரே சொந்தமா வெச்சிருக்குற சின்ன பனிச்சறுக்கு மலை, ட்யூபிங் உண்டு, பெரிய டயர் ட்யூப்ல உக்காந்து மேல இருந்து சர்ர்னு இறங்கறது. ஸ்கீயிங் தெரியாத நம்ம குடும்பங்களுக்கு இதுதான் முதல் படி, அஞ்சு வயசு முதல் அம்பது வயசு வரைக்கும் ஒரே அலறல்தான். தனியா ஸ்லெட் எடுத்துட்டு போனீங்கன்னா எப்பவும் கால் முன்னாடி, தலை முன்னாடி வெச்சு படுத்து இறங்க விடாதீங்க, ஹெல்மெட் இருந்தா போட்டு விடுங்க, மேல ஏறும்போது சறுக்கற பாதைல நடக்காம ஓரமா ஏற சொல்லுங்க. ஐஸ் ஸ்கேட்டிங் ஆசை இருந்தா லேக் பிளாசிட்ல ஒலிம்பிக் ஓவல் திறந்தவெளில இருக்கு, 1980 ஒலிம்பிக்ஸ்ல ஸ்கேட்டிங் வீரர் எரிக் ஹெய்டன் அஞ்சு தங்கமும் ஜெயிச்ச அதே வட்டம், ஸ்கேட்ஸ் வாடகைக்கு கிடைக்கும்.

ஸ்னோ பேண்ட் மாட்டறதுக்கு முன்னாடி எல்லாரையும் பாத்ரூம் போக வைங்க. மாட்டினப்புறம் கேட்டா அத்தனையும் கழட்டணும்.

சாப்பாடு

சைவக் குடும்பம்னா வெளில கிடைக்கறது பீட்சா, ஃப்ரைஸ், ஹாட் சாக்லேட், அதோட முடிஞ்சது. அதனாலதான் கிச்சனெட் ரூம்னு சொன்னேன். காலைல ரூம்ல ரசம் வெச்சு ஃப்ளாஸ்க்ல ஊத்திக்கங்க, ஆனா முதல்ல ஃப்ளாஸ்க்ல கொதிக்கற தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் வெச்சு கொட்டிட்டு அப்புறம் ரசம், அப்பதான் மதியம் வரைக்கும் சூடு நிக்கும். மைனஸ் பதினஞ்சுல ஏரிக்கரைல நின்னு மிளகு ரசம் குடிக்கறது எப்படி இருக்கும்னு எழுதி புரிய வைக்க முடியாது. இட்லி எடுத்துட்டு போகாதீங்க, டப்பாவ திறக்கறப்ப கல்லு. புளியோதரையும் விறைச்சுக்கும். சப்பாத்தில உருளைக்கிழங்கு வெச்சு உருட்டி அலுமினிய ஃபாயில்ல சுத்தி ஜாக்கெட் உள்பாக்கெட்ல வெச்சுக்கங்க, உடம்பு சூட்டுலயே பதமா இருக்கும். கடலைமிட்டாய், பேரீச்சம்பழம் நிறைய. தண்ணி பாட்டிலை தலைகீழா வைங்க, உறையறது மேல இருந்து ஆரம்பிக்கும், மூடி பக்கம் தண்ணியாவே இருக்கும்.

ராத்திரி ரூமுக்கு வந்ததும் பிள்ளைகளோட ஒண்ணு பண்ணுங்க. இந்த பக்கத்துக்காரங்க ஜாக் வாக்ஸ்னு சொல்ற மிட்டாய், மேப்பிள் மரத்துப் பால்ல இருந்து வர்ற பாகுல செய்யறது, நாப்பது காலன் பாலை காய்ச்சினா ஒரு காலன் பாகு. கடைல அசல் மேப்பிள் சிரப் வாங்கி சின்ன பாத்திரத்துல கொதிக்க வைங்க, அதிரசத்துக்கு வெல்லப்பாகு பதம் பார்க்கற மாதிரிதான், தண்ணில ஒரு சொட்டு விட்டா கையில உருட்ட வரணும், தெர்மாமீட்டர் இருந்தா 235 ஃபாரன்ஹீட். வெளில இருந்து யாரும் மிதிக்காத சுத்தமான புதுப் பனிய ஒரு தட்டுல அமுக்கி எடுத்துட்டு வந்து அது மேல கோடு கோடா ஊத்துங்க, உடனே ஜவ்வு மாதிரி இறுகும், ஃபோர்க்ல சுத்தி சாப்பிடணும். திகட்டாம இருக்க ஊறுகாய் வெள்ளரிக்காயை கடிச்சுப்பாங்க அவங்க, நாங்க மாவடு. பாகு ஊத்தறது பெரியவங்க கையால மட்டும், பட்டா தோல் வழண்டுடும்.

ஊர்ல இருந்து வந்திருக்குற அப்பா அம்மாவ கூட்டிட்டு போறவங்களுக்கு

கூட்டிட்டு போங்க, தயங்காதீங்க. அம்மா புடவைதான் கட்டுவேன்னா உள்ள தெர்மல் பேண்ட், மேல முழங்கால் வரைக்கும் வர்ற நீள ஜாக்கெட், பூட்ஸுக்கு அடில முள்ளுப் பட்டை. சுடிதார்னா அது மேலயே ஸ்னோ பேண்ட் மாட்டிடலாம். வழுக்கி விழறதுதான் அவங்களுக்கு பெரிய ஆபத்து, குளிர் இல்ல. பென்குவின் மாதிரி சின்னச் சின்ன அடியா, பாதம் முழுசா பதிய நடக்க சொல்லுங்க. இதய நோய், ஆஸ்துமா இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, அரண்மனைய மட்டும் காட்டிட்டு கார் சூட்டுல உக்கார வைங்க. சர்க்கரை நோய்க்காரங்களுக்கு கால்ல உணர்ச்சி கம்மியா இருக்கலாம், குளிர் ஏறினதே தெரியாது, அதனால நீங்களே அப்பப்ப பூட்ஸை கழட்டி விரலை பாருங்க.

யாருக்கா இருந்தாலும் மூக்கு, காது, விரல் நுனி வெளுத்து மரத்து போச்சுன்னா உள்ள கூட்டிட்டு போய் ஈரத்துணிய மாத்தி, உடம்பு சூட்டுலயோ கைக்கு இதமான வெதுவெது தண்ணிலயோ வைங்க. பனிய வெச்சு தேய்க்கறது, ஹீட்டர் மேல காட்டறது ரெண்டும் கூடாது, மரத்த தோலுக்கு சுடறதே தெரியாது. அரை மணில உணர்ச்சி திரும்பலன்னா, கொப்புளம் வந்துச்சுன்னா, ஆஸ்பத்திரி.

கடைசி ராத்திரி

ஞாயித்துக்கிழமை இருட்டினதும் மவுண்ட் பிஸ்கா மேல இருந்து கைல தீப்பந்த வெளிச்சத்தோட ஸ்கீயர்ஸ் வரிசையா வளைஞ்சு வளைஞ்சு இறங்குவாங்க, தூரத்துல இருந்து பார்த்தா திருவண்ணாமலை கிரிவலப் பாதைல ராத்திரி விளக்கு வரிசை ஊர்ந்து போறது மாதிரி எனக்கு தோணும். அப்புறம் அரண்மனைய முற்றுகை போடறாங்கன்னு பேர் வெச்சு அது மேல வாணவேடிக்கை. காது அடைக்கற சத்தம், ஏரி ஐஸ்ல பட்டு திரும்ப வரும், கைக்குழந்தைக்கு காதை மூடிடுங்க. ஃபோனை ஜாக்கெட் உள்ள உடம்போட ஒட்டி வெச்சிருந்து வேணுங்கறப்ப மட்டும் எடுங்க, குளிர்ல 60 பர்சன்ட் சார்ஜ் இருக்கும்போதே அணைஞ்சு போகும்.

விழா முடிஞ்சு வெயில்ல உருக ஆரம்பிச்சு ஆபத்தானதும் அரண்மனைய அவங்களே இடிச்சுடுவாங்க, அதனால "அடுத்த மாசம் போய் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க.

ரூமுக்கு திரும்பினதும் எவ்வளவு அசதியா இருந்தாலும் படுக்கறதுக்கு முன்னாடி எல்லா பூட்ஸ்லயும் உள்ளுறைய வெளிய இழுத்து தனியா நிக்க வைங்க, பூட்ஸுக்குள்ள பழைய பேப்பரை கசக்கி திணிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு ஈரமான பேப்பரை எடுத்துட்டு புதுசு வைங்க. ஹீட்டர் மேல நேரா வைக்காதீங்க, பசை விட்டு போயிடும். மிட்டனெல்லாம் பாத்ரூம் கம்பில க்ளிப் போட்டு தொங்க விடுங்க. காலைல எல்லாம் காஞ்சிருந்தா, கிளம்பறதுக்கு முன்னாடி பசங்க இன்னொரு தடவை ட்யூபிங் போலாமான்னு கேப்பாங்க, அதுக்கு ரெண்டு மணி நேரம் கைல வெச்சுக்கிட்டு செக் அவுட் பண்ணுங்க.